பின்பக்கம் பட்டன் வைத்த சட்டை

பிப்ரவரி 3

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருந்தால் நீ எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டாய். அப்பா குளியலறையில் விழுந்தார், நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, எலும்பு முறியவில்லை, இனி என்ன செய்வது என்று நாலே வரி. தையல்காரன் என்பதற்காகக் கடிதத்திலுமா துணி மிச்சம் பிடிப்பது?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் எடுத்த எடுப்பிலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். எழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி சொன்னதுதான் சரி. எழுதி, மடித்து, தபால்தலை ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது.

குளியலறைச் சுவரில் கைப்பிடி ஒன்று அடிக்கச் சொல். தரையில் சோப்புத் தண்ணீர் நிற்கக் கூடாது. அப்பாவின் அந்தத் தேய்ந்துபோன செருப்பைத் தூக்கி எறி. கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லிவிடு, தூரத்தில் இருப்பதில் அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

எனக்கு இங்கே நர்ஸிங் பள்ளியில் புது வேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியப் பணி எப்படி எப்படி மாறி வந்தது என்று மாணவிகளுக்குச் சின்னப் புத்தகம் எழுத வேண்டும். எந்த அபிப்பிராயமும் சொல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்பது முதல்வரின் கட்டளை. அபிப்பிராயம் இல்லாமல் எழுத நான் படுகிற பாடு உனக்குப் புரியும்.

ஆதியில் நர்ஸே கிடையாதாம். கதியற்றவர்களுக்கான விடுதிகளில், கொஞ்சம் தெம்பாக இருக்கும் கிழவி தெம்பில்லாத கிழவியைப் பார்த்துக்கொள்வாள். பிறகு ஆஸ்பத்திரியில் வார்டு வந்தது. நான் பயிற்சிக்குப் போன காலத்தில்கூட முதியோர் வார்டு என்றால் தண்டனைதான். எதிர்த்துப் பேசுகிறவளை அங்கே போடுவார்கள். நான் அடிக்கடி போனேன்.

அங்கே ஒரு சட்டை உண்டு. கெட்டித் துணியில் கையில்லாமல் தைத்தது. முன்பக்கம் ஒன்றும் இருக்காது, பட்டன் எல்லாம் முதுகில். இடுப்புக்கு இரண்டு பக்கமும் பட்டை நாடா. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, நாடாவைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் எழுந்திருக்க முடியாது. கைகள் சும்மா இருப்பதால் பார்க்கிறவர்களுக்குக் கட்டிப்போட்டது மாதிரியும் தெரியாது. அந்தச் சட்டை வந்த பிறகு ஒருவரும் விழவில்லை. வார்டு அமைதியாக இருந்தது. பார்வையிட வருகிறவர்களிடம் பெரிய சிஸ்டர் அந்த அமைதியைத்தான் முதலில் காட்டுவார்.

இன்றைக்கு எழுதி முடித்தது இவ்வளவுதான். அப்பாவின் நெற்றித் தையலை ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 14

டீச்சரம்மாவுக்கு,

கைப்பிடி அடித்தாகிவிட்டது. செருப்பும் போயிற்று, பழி உன் மேல். அதைவிடப் பெரிய சமாசாரம், நீ எழுதியிருந்த சட்டையைத் தைத்துவிட்டேன்!

கடிதத்தைப் படித்ததும் அண்ணியிடம் சொன்னேன், "பார்த்தியா, படிச்சவ படிச்சவதான். நேரா இதைச் செய்னு சொல்லாம நாசூக்கா எழுதியிருக்கா." அன்றைக்கே துணி வெட்டினேன். நீ சொன்ன கெட்டித் துணி உறுத்தும், அதனால் உள்ளே மெத்தென்று லைனிங் கொடுத்திருக்கிறேன். அக்குளில் தாராளமாக விட்டேன். நாடாவுக்கு இரட்டைத் தையல். பட்டன் பெரியதாக, குளிர்காலக் கோட்டுக்கு வைக்கிற ரகம். அளவெடுக்க அப்பாவைக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கிக்கொண்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

உனக்கு இங்கே உள்ள நிலைமை தெரியாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான். நான் மெஷினில் இருப்பேன், அண்ணி துணி ஓரம் மடித்து ஹெம்மிங் போட்டுக்கொண்டிருப்பாள். சத்தமே இல்லாமல் இவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஏறுகிறவர்களிடம் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன கண்டக்டருக்கு அந்த உரிமை உண்டென்று வைத்துக்கொண்டாலும், நடுரோட்டில் போய் நின்றால் யார் பதில் சொல்வது?

இப்போது அந்தக் கவலை இல்லை. முதலில் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பிறகு சாதுவாகிவிட்டார். காலமெல்லாம் நின்றபடி பயணம் செய்த மனுஷன், இப்போதுதான் உட்கார்ந்து போகிறார். நானும் அண்ணியும் வெகு நாளைக்குப் பிறகு எதிர் எதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். எல்லாம் உன் புண்ணியம்.

ஒரே ஒரு தொந்தரவு. சட்டை போட்டதிலிருந்து துணியிலேயே சிறுநீர் போய்விடுகிறார். வயசாகிவிட்டது, வேறென்ன? ரப்பர் விரிப்பு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று எழுது. அந்த வார்டுச் சட்டையில் கழுத்து வட்டமா, ஆங்கில எழுத்து வி மாதிரியா என்பதையும் படம் போட்டு அனுப்பு. வட்டம் அவருக்குக் கொஞ்சம் இறுக்குகிறது.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

நான் வரலாறு எழுதினேன். நீ அதை வைத்து அளவெடுத்துவிட்டாய்.

உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன். அபிப்பிராயம் இல்லாமல் எழுதிப் பழகுகிறேன் பேர்வழி என்று உனக்கும் அதே மாதிரி எழுதித் தொலைத்தேன். ஒருவரும் விழவில்லை என்று எழுதினேன் அல்லவா? விழவில்லை என்றால், எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். கொஞ்ச நாளில் தொடைச் சதை வற்றிவிடும். பிறகு அவிழ்த்துவிட்டாலும் நிற்க முடியாது. நிற்க முடியவில்லையே, விழுந்துவிடுவாரே என்று மறுபடியும் கட்டுவார்கள். உட்கார்ந்த இடத்தில் புண் வரும். நாங்கள் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகு சிவக்கச் சிவக்கத் தேய்த்தோம். தேய்த்ததே புண்ணை வளர்த்தது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். புரட்டிப் படுக்கவைப்பதும் எழுப்பி நடக்கவைப்பதும்தான் மருந்து, களிம்பு எதுவும் அல்ல.

அந்த வார்டு அமைதியாக இருந்ததற்குக் காரணம், அங்கே இருந்தவர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டதுதான். கூப்பிட்டு யாரும் வராவிட்டால் எவ்வளவு நாள்தான் கூப்பிடுவார்கள்? அப்பா சாதுவாகிவிட்டார் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

துணியில் போவது வயசினால் இல்லை. எழுந்து போக முடியாதவர் வேறு எங்கே போவார்?

எத்தனையோ இடங்களில் அந்தச் சட்டையை எடுத்துவிட்டார்கள். இனி தேறாது என்று படுக்கவைத்திருந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடந்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதப்போகிறேன். அதற்குள், ஒழிந்துபோன அத்தியாயத்தை நீ தைத்து வைத்திருக்கிறாய். அவிழ்த்துவிடு. நாளைக்கு இல்லை, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த கையோடு.

கழுத்து வட்டமா வி-யா என்று கேட்டதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் அப்பாவின் துணிகளை அலசினாள். காலையிலிருந்து அது மூன்றாவது தடவை. அவள் கை எப்படி இருக்கிறது தெரியுமா? ஊசி பிடித்தால் நழுவுகிறது.

நீ அவிழ்த்துவிடு என்று எழுதிவிட்டாய். எழுதுவதற்கு என்ன, பேனா எடுத்தால் ஆயிற்று. அவிழ்த்துவிட்ட பிறகு யார் பார்ப்பது? பள்ளிக்கூடச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் அப்பாவுமாக நான் என்ன செய்யட்டும்? கட்டக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரி இல்லை.

சட்டையை எடுத்த இடங்களில் கூடுதலாக ஆள் போட்டார்களா இல்லையா? அதை உன் புத்தகத்தில் தேடிப் பார்த்துச் சொல். போட்டிருந்தால் எனக்கும் இரண்டு பேரை அனுப்பு. போடவில்லை என்றால் நீயே கிளம்பி வா. இரண்டும் முடியாதென்றால் தயவுசெய்து எனக்குப் பாடம் எடுக்காதே.

என்னைவிட உனக்கு அப்பா மேல் பாசம் அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் மாத்திரையை எந்த வேளைக்கு முழுங்குவார், எந்த வேளைக்குத் துப்புவார் என்று எனக்குத்தான் தெரியும்.

அண்ணன்


மார்ச் 19

தங்கச்சிக்கு,

நீ பதில் போடவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள். அப்பாவின் சட்டையில் அக்குள் பக்கம் நைந்து போயிருந்தது. அவர் தூங்குகிற நேரம் பார்த்து எடுத்துவந்து சரி செய்தேன். போட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் கொடுத்தது கிடையாது நான், உனக்கே தெரியும். அதனால் நானே மாட்டிக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாடா சரியாக இழுக்கிறதா என்று பார்க்க அண்ணியைப் பின்னால் கட்டச் சொன்னேன். கட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

வந்தது சீருடை தைக்கக் கொடுத்திருக்கும் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். அளவு மாறிவிட்டது, கலர் மாறிவிட்டது என்று பெரிய பஞ்சாயத்து. எனக்கு முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு வந்தது. கையை முதுகுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், எட்டவில்லை. நான்தான் எட்டாதபடி வைத்திருக்கிறேனே! ஒரு குரல் கொடுத்தால் அண்ணி ஓடி வந்திருப்பாள். ஆனால் என்னவென்று குரல் கொடுப்பது? ஹெட்மாஸ்டர் காதில் விழ, எனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று கத்துவதா? வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எப்போது பார்த்தாலும் அப்பா பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தச் சுவர்தான்.

அப்பா மருமகளிடம் என்னவென்று சொல்லியிருப்பார்? என்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. நான் எப்போதும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தால் எப்போது சொல்வார்?

அண்ணி வந்து அவிழ்த்ததும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். திரும்பி வந்த பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்றைக்கே சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துவிட்டேன். நல்ல துணி, வீணாக்க மனசில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளுக்கு உள்துணியாகப் போய்விட்டது.

இதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று அர்த்தமில்லை. நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. மே மாதம் சீருடை எல்லாம் ஒப்படைக்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். நான் தனியாக முடியாது, அண்ணியும் வர வேண்டும். அப்போது நீ வந்து இருப்பாயா?

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

சிரித்தேன். ஹெட்மாஸ்டர் வந்த இடத்தில் நன்றாகவே சிரித்தேன். அப்புறம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நீ கேட்டதைத் தேடிப் பார்த்தேன். சட்டையை எடுத்த இடங்களில் ஆள் போட்டார்கள். போடாத இடங்களில் சட்டையை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு வேறு எதையாவது கட்டினார்கள், இல்லையென்றால் தூக்க மருந்து கொடுத்தார்கள். உன் கேள்வி சரியான கேள்வி. அதை இவ்வளவு வருஷம் பாடம் நடத்தியும் நான் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டு எழுந்ததும், டீ குடித்த பிறகும், அவர் கேட்காமலேயே நீ கழிப்பறைக்குக் கூட்டிப்போ. வருகிறீர்களா என்று கேட்காதே. நானும் போகிறேன், வாங்க என்று சொல். காலுக்குப் பிடிப்பாக ஷூ வாங்கிக் கொடு. அவர் நாற்காலியைக் கடைப்பக்கம் போட்டுவிடு. தெருவைப் பார்த்தால் பாதி வெளியே போன மாதிரி இருக்கும்.

மே முதல் வாரம் வருகிறேன்.

தங்கை


ஜூன் 8

அண்ணா,

பள்ளி திறந்துவிட்டது. அங்கிருந்து நான் புறப்படும்போது நீயும் அண்ணியும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து நன்றி மேல் நன்றி சொன்னீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

நீங்கள் சீருடை ஒப்படைக்கப் போன முதல் நாள் நான் சிங்கம் மாதிரி இருந்தேன். அப்பாவோடு நடந்தேன், சொன்ன நேரத்துக்குக் கூட்டிப்போனேன். என் புத்தகத்தில் இருப்பது எல்லாம் அப்படியே நடந்தது. அடுத்த நாள் அவர் எழுந்திருப்பதும் நான் ஓடுவதுமாகப் போயிற்று. அடுப்பில் பால் பொங்கினால் அவர் வாசலில். கதவைத் தட்டுகிற ஆளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் அவர் மாடிப்படியில். அதற்கும் அடுத்த நாள், நான் கடைசியாக எப்போது குளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் அலமாரியைத் திறந்து தேடினேன், அண்ணா. என்ன தேடினேன் என்று உனக்குத் தெரியும். நீ அதைப் பிரித்துவிட்டாய் என்று எழுதியது ஞாபகம் இருந்தும் தேடினேன்.

கிடைக்காததால், துணி வெட்டுகிற அந்தக் கனமான மேஜையை இழுத்துவந்து அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வயிற்றை ஒட்டி நிறுத்தினேன். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியது. குளித்துவிட்டு ஓடி வந்துவிடுவேன், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து வார்டில் இதற்கென்றே மேஜையோடு சேர்ந்த நாற்காலி இருந்தது. அதைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்பா மேஜை மேல் இரண்டு கையையும் வைத்தார். தள்ளிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, ரொம்பத் தெளிவாக, "உங்கண்ணன் தச்சதுல பட்டனாவது இருந்துச்சும்மா. அவுத்துவிடுன்னு சொல்லலாம்" என்றார்.

அந்தச் சட்டை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தோம். நான் மேஜையைத் தள்ளிவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். "டிக்கெட் தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். அந்தத் தெளிவு அவ்வளவு நேரம்தான்.

கட்டிப்போட்ட நர்ஸ்களை நான் புத்தகத்தில் எழுதிய விதம் எனக்கு இப்போது பிடிக்கவில்லை. ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நேராகச் சொல்லாவிட்டாலும் படிக்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அவர்களும் குளிக்கத்தான் போயிருப்பார்கள். அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

தங்கை


ஜூலை 17

தங்கச்சிக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்க வேண்டும். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் போய்ச் சேராது.

அப்பா விழுந்துவிட்டார். இந்தத் தடவை தெருவில். ஒரு மாதமாகக் காலையில் அவரே முடிதிருத்தும் கடை வரைக்கும் நடந்து போய், ஷேவ் செய்துகொண்டு திரும்பி வருவார். கடைக்காரர் அங்கிருந்து பார்ப்பார், நான் மெஷினில் இருந்தபடி இங்கிருந்து பார்ப்பேன். நேற்று முன்தினம் திரும்பி வரும்போது நடைபாதை விளிம்பில் கால் தடுக்கியது. என் கண் முன்னால்தான் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நேற்று ஆபரேஷன் ஆயிற்று, பிழைத்துவிட்டார்.

நீ சொன்னதைக் கேட்டதால்தான் இப்படி என்று நான் எழுதுவேன் என்று பயந்துகொண்டு படிப்பாய். இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு நல்லா மழிச்சிருக்கான்" என்றார். ஒரு மாதம் அவர் காலில் அவர் போய்வந்தார். அது எனக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன், ராத்திரி எல்லாம் அந்த நடைபாதை விளிம்புதான் கண்ணில் நின்றது. ஆனால் மறுபடியும் கேட்டாலும் அந்தச் சட்டையைத் தைக்க மாட்டேன்.

சொல்ல வந்தது வேறு. இன்று காலை வார்டுக்குப் போனால், அப்பாவின் இரண்டு கையையும் காயத்துக்குச் சுற்றுகிற காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிடுகிறாராம். எனக்கு வந்ததே கோபம். அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "என் தங்கச்சி நர்ஸிங் பள்ளியில டீச்சர், தெரியுமா?" என்று உன்னை வைத்து மிரட்டினேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "நாங்களும் படிச்சோம் சார், கட்டக் கூடாதுன்னு. பரீட்சையிலகூட வந்துச்சு. இந்த வார்டு முழுக்க நான் ஒருத்திதான். யாராவது பக்கத்துல உட்காருவீங்கன்னா இப்பவே அவுத்துடறேன்" என்றாள்.

உட்காருகிறேன் என்றேன். அவளே அவிழ்த்தாள். மணிக்கட்டில் பதிந்திருந்த தடத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள்.

இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கடையைப் பாதி மூடியாயிற்று. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற வேலையை இங்கேயே கொண்டுவந்துவிட்டேன், அதற்கு மெஷின் வேண்டாம். அப்பா கை ஊசிப் பக்கம் போனால் ஒரு சட்டையைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்கிறேன். பிடித்துக்கொள்கிறார். பக்கத்துக் கட்டில் பெரியவரையும் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அவருக்கு உட்கார ஆள் இல்லை. நான் எழுந்து போகும்போதெல்லாம் என்னையே பார்க்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் எனக்குப் பதிலாக அண்ணி வந்து உட்காருவாள். அவளுக்கு முதுகு போய்விட்டது, சொல்ல மாட்டேன் என்கிறாள். உன் புத்தகம் முடிந்ததா, முதல்வர் லீவு தருவாரா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எழுப்பி நிற்கவைத்துப் பார்க்கப் போகிறார்களாம். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். இடது பக்கம் நான் நிற்பேன். வலது பக்கம் நீ வா.

அண்ணன்